ஆட்டுக்குட்டி ஏன் கத்தவில்லை

நைட் ஷிப்ட் முடிந்து நேராக ஜூஜுவாடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பில் என் மகள் லிபியா வாயே திறப்பதில்லை. இன்றும் பேசாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார் ஸ்வாதி டீச்சர். போனதும் என்னை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

அன்றைய பாடம், பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு கதைகள். ராகிக் காட்டில் வழி தவறிய யானைக்குட்டி ஒன்று, சந்தையில் வழி தவறிய ஆட்டுக்குட்டி ஒன்று.

"ரெண்டு பேருக்கும் நடந்ததுல எது ஒரே மாதிரி, எது வேற? சொல்லு பாப்பா," என்றார் டீச்சர் என் மகளிடம்.

லிபியா தரையைப் பார்த்தாள்.

"அவ பேச மாட்டா மிஸ், ஊமக்கோட்டான்," என்றான் ஒரு பையன்.

"நீ கம்முனு இருடா வெஸ்லின்."

நானே சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். டீச்சர் கை காட்டி நிறுத்தினார்.

"ரெண்டும் தொலஞ்சு போச்சு," என்றாள் லிபியா மெதுவாக. "யானைக்குட்டி கத்துச்சு, அம்மா வந்துருச்சு. ஆட்டுக்குட்டி கத்தல."

"ஏன் கத்தல?"

"அதோட அப்பா நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாரு. கத்துனா அம்மா அடிக்கும்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரே அறை.

"டாக்டரெல்லாம் வேணாங்கண்ணா. நீங்க வேற எடத்துல தூங்கப் பாருங்க."

அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போனேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த லிபியா கீழே எதற்கோ கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. பழக்கத்தில் அவள் அம்மா அடக்கிவிட்டாளோ என்று, அடுத்த சத்தம் வரும்வரை தூங்காமல் காது கொடுத்துக் கிடந்தேன்.