1880-ன் ஐந்து வெள்ளிக் காசுகள்

ஓஹையோவில் தபால்காரராக இருந்த ஹோபார்ட் ஸ்டிரிக்லர் சாகும்போது, வீட்டில் உருப்படியாக இருந்தது ஐந்து வெள்ளிக் காசுகள்தான். 1880-ல் சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடித்த ப்ரூஃப் காசுகள். முகம் பார்க்கலாம், அப்படியொரு பளபளப்பு. அவற்றை வாங்குவதற்காக அவர் மனைவி பதினாறு குளிர்காலத்தை ஒரே கம்பளிக் கோட்டில் ஓட்டினாள். பெட்டி திறந்திருக்கையில் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது. எச்சில் தெறித்தால் வெள்ளியில் புள்ளி விழுந்துவிடுமாம்.

உயிலில் ‘இருவருக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தார். மகள் லியோட்டாவும் விடவில்லை, தம்பி கார்லண்டும் விடவில்லை. கடைசியில் சீட்டுப் போட்டார்கள். அவளுக்கு இரண்டு டாலர் காசுகள், அவனுக்குச் சின்னவை மூன்று. செட்டைப் பிரித்தது அவளுக்கு ஆறவேயில்லை.

அதன்பிறகு இருபத்தாறு வருஷம், நவம்பரில் குடும்பமாகக் கூடிச் சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் அன்று மட்டும் தம்பி வீட்டுக்குப் போவாள். கோட்டைக் கழற்றுமுன் கேட்பாள்.

"இந்த வருஷமாவது குடுப்பியாடா?"

"செத்தாலும் தரமாட்டேன்க்கா. வான்கோழி ஆறுது, உக்காரு."

சாப்பிட்ட கை காயுமுன் கிளம்பிவிடுவாள்.

இருபத்தேழாம் வருஷம் கார்லண்டுக்கு ஈரலில் புற்று. லியோட்டா அந்த விருந்தன்று தன் இரண்டு காசுகளையும் எடுத்துப்போய் அவன் போர்வைமேல் வைத்தாள்.

"நீயே வச்சுக்க. அஞ்சும் ஒண்ணா இருக்கட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட இல்லக்கா. அப்பாவப் பொதச்ச மறுமாசமே வித்துட்டேன். வண்டிக்கு டயர் போட்டேன்."

"பின்ன எதுக்குடா வருஷா வருஷம் தரமாட்டேன் தரமாட்டேன்னே?"

"கேக்கறதுக்காவது நீ வருவேல்ல. வித்துட்டேன்னு சொல்லியிருந்தா இந்தப் பக்கம் தலவச்சுப் படுத்திருப்பியா?"

படுத்திருக்க மாட்டாள்தான். அது அவளுக்கே தெரிந்ததால் கோபம் இரட்டிப்பாயிற்று.

"சும்மா வான்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே!"

"நீ ஒரு தடவ சும்மா வந்திருக்கலாமே."

லியோட்டா காசுகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டாள். மேஜையில் அவளுக்கும் தட்டு வைத்திருந்தார்கள். உட்காரவில்லை.

ஜனவரியில் அவன் போய்ச் சேர்ந்தான். கல்லறையில் ஓரமாக நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பினாள். அடுத்த நவம்பரில் தம்பி மனைவி கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை சொன்னாள், அவள் கேட்காமலே.