மாப்பிள்ளை கொண்டுவந்த சாலட்

கோடை வெயிலால் வாடும் மனித குலத்தைக் காக்கும் மகத்தான அறிவிப்பு ஒன்று, 2002 மே மாதம், ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டில் வெளியானது. வெளியிட்டவர், அக்கா விஜியை அப்போதுதான் கட்டியிருந்த சென்னை மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன்.

"மாமா, வெயில் காலத்துல மத்தியானம் சோறே தொடக்கூடாது. ஜில்லுனு சாலட் மட்டும்தான்."

வெள்ளரிக்காய், தக்காளி, எங்கள் தோட்டத்துத் திராட்சை, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள். எல்லாம் ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் இருந்து வந்தன. ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால், காலையிலிருந்து திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பாவுக்கு அது தொண்டையைத் தாண்டியதும் காணாமல் போனது.

"ஒரு கை சோறு போடேன்" என்று அடுப்படியில் கெஞ்சினார்.

"சத்தம் போடாதீக. மாப்ள சொல்லிட்டாக. இப்பவே அவுக மூஞ்சி கோணுனா புள்ள பொழப்பு என்னாகுறது?" என்றாள் அம்மா.

மகளுக்காகச் சில நாள் பொறுத்த அப்பா, ஒரு மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்குள் நுழைந்தார். உள்ளே, சால்னாவில் ஊறிய விரல்களோடு, மாப்பிள்ளை.

அப்பா அசரவில்லை. "ஏலே, மாப்ளைக்கு ஒரு ஆம்லெட் போடு" என்றபடி எதிரே உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் வீட்டில் சோறு வடித்தார்கள். சாலட்டைத் தொட்டுக்கொள்ள வைத்தார்கள்.