வாய் திறக்காத ஒரு மணி நேரம்

திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நோய் போய்விட்டதா என்று பார்க்கக் கோயம்புத்தூரில் பெட் ஸ்கேன். நோய் போகவில்லை என்றால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். சங்கக் கூட்டத்தில் நன்றியுரையைக்கூட முக்கால் மணி நேரம் இழுக்கிறவருக்கு அதற்குத் தலையை எடுத்தாலே தேவலை.

ஊசி போட்டதும் டாக்டர் அனுசுயா சொன்னார்: “இனி ஒரு மணி நேரம் பேசவே கூடாது சார்.”

“கட்டுப்பாடுங்கறது நம்ம ரத்தத்துலயே இருக்குதுங்க டாக்டரம்மா” என்று போனை எடுத்துக் கொடுத்தார் மகுடேஸ்வரன், கிரீடத்தைத் துறப்பதுபோல. திருப்பூரில் ஒரே போன் வைத்திருப்பவனை யாரும் முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது போன் போர்வைக்குள் இருந்தது.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். தொண்டையின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

“மத்த ஸ்கேன் உருவத்தைக் காட்டும். இது ஊசியில போட்ட சர்க்கரையை எந்த இடம் அதிகமாத் தின்னுதுன்னு காட்டும். புற்றுநோயும் தின்னும், வேலை செய்யுற தசையும் தின்னும். ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?”

“சேச்சே! மூச்சே மெதுவாத்தானுங்க உட்டேன்.”

“அப்ப நோயா இருக்கலாம்.”

மகுடேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “பேசியிருந்தா?”

“பேச்சாவும் இருக்கலாம்.”

“ரெண்டு வார்த்தை பேசியிருப்பனுங்க.”

“ஏனுங்க, ரெண்டு வார்த்தைங்களா?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி செல்லாத்தாள். “நேவி புளூ சாயம் வெளுத்துப்போச்சுன்னு டையிங்காரரைப் போனுல வெச்சு வாங்குனது கதவுக்கு வெளிய எனக்கே கேட்டுச்சு.”

“அப்பவே நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் டாக்டர்.

“இவிய பேசறப்ப ஆருங்க குறுக்க பேசறது?”

அதற்குள் மகுடேஸ்வரன் போனைத் துழாவி ஆதாரத்தை நீட்டினார். “பாருங்க, நாப்பத்தொரு நிமிசம்! அத்தனையும் சத்தமாப் பேசுனதுங்க. ரிப்போர்ட்டுல எழுதிக்குங்க. கெட்ட வார்த்தையும் உண்டுன்னு சேர்த்துக்குங்க.”

“எழுதிக்கிறேன். ஆனா பேசினதால நோய் இல்லைன்னு ஆயிடாது. இந்த வெளிச்சத்துக்குள்ள அது ஒளிஞ்சிருந்தா இதுல தெரியாது.”

“அப்ப நான் பேசுனது நல்லதுங்களா, கெட்டதுங்களா?”

“நாளைக்குக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்ப்போம். தேவைப்பட்டா மறுபடி ஸ்கேன்.”

“அது வரைக்கும் பேசலாங்களா?”

“தாராளமா.”

ஊர் திரும்பும் வழியில், காரில் கருமத்தம்பட்டி தாண்டும்வரை இரண்டு முறை வாயைத் திறந்தார். எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

“பசிக்குதுங்களா?” என்றாள் செல்லாத்தாள்.

அதுவும் தெரியவில்லை.