அடிபடாத இடம்

புருஷன் ஒலி முகம்மதின் சட்டையைக் கழற்றிய சுல்தான் பீவி முதலில் பார்த்தது, நெஞ்சில் கன்றிக் கிடந்த ஊதாத் திட்டுகளைத்தான். காலையில் அவள் தம்பி காஜாவின் வில்வண்டியில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போன மனிதர், மதியம் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினார். சாரல் காய்ச்சல் என்று போர்த்திவிட்டு மிளகுக் கசாயம் கொடுத்தாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்தது, வாய் குழறியது. இப்போது இந்தத் திட்டுகள்.

அடிபட்ட காயம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் புருஷன் அவளை நடுத்தெருவில் அறைந்தபோது, காஜா பாய்ந்து வந்து அவர் விலாவில் உதைத்ததைத் தென்காசியின் அந்த நெசவுத் தெருவே பார்த்தது. உள்ளே மண்ணீரல் கிழிந்துவிட்டது. அதை அறுத்தெடுத்துத்தான் ஆள் பிழைத்தார். அது இல்லாமலே காலந்தள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அது இல்லாத உடம்பில் கிருமி புகுந்தால் பொழுது சாய்வதற்குள் ஆளை முடித்துவிடும் என்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? ஜமாத்தில் சமாதானம் பேசியது தெரியும். உதைத்தவன் காஜா என்பது நன்றாகவே தெரியும்.

"பாவி, மறுபடியும் அடிச்சிட்டியாலே," என்று தறிக்கட்டையை எடுத்துப் பக்கத்தில் நின்ற காஜாவின் தோளில் இறக்கினாள்.

"நான் தொடலக்கா. அல்லா மேல ஆணை. மச்சான ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, மாடு பூட்டித்தான் நிக்குது."

அதற்குள் தெரு உள்ளே வந்துவிட்டது. பக்கத்துத் தறிக்காரர் சேக் மைதீன் காஜாவை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். தப்பித்துவிடுவான் என்று ஒருத்தன் மாடுகளை அவிழ்த்து விரட்டினான். காஜாவின் உதடு கிழிந்து பல் தெறித்தது. வலது கை முறிந்த சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அடித்தவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சுல்தான் பீவி புருஷனின் கையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் கூடி ஊதாவாய்ப் பரவின. அந்தக் கையை அவளைத் தவிர யாரும் தொடவில்லை.

வெளியே ஓடினாள். "விடுங்க அவன. யாரும் அடிக்கல, இது நோவு. மாட்டப் புடிச்சிட்டு வாங்க."

மாடுகள் எந்தப் பக்கம் போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

காஜா புழுதியிலிருந்து எழுந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. "மச்சானத் தூக்கிப் போடுங்க," என்றபடி இடது தோளை நுகத்தடிக்குக் கீழே கொடுத்தான். சேக் மைதீன் குனிந்து மறுமுனையில் தோள் கொடுத்தார். காஜாவின் வாயிலிருந்து ரத்தம் நுகத்தில் சொட்ட, வண்டி ஆஸ்பத்திரிச் சாலைப் பக்கம் திரும்பியது.