வீட்டுக்காரர் போட்ட சாட்சிக் கையெழுத்து

டாடியின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எல்லாரையும் லிங்கராஜபுரம் வீட்டுக்கு வரச் சொன்னேன். பிரியாணி போட மட்டும் இல்லை. என் தம்பி லாயிடின் மூக்கை நாலு பேர் முன்னால் அறுக்கவும்தான். மறைத்துப் பேச எனக்கு வராது.

ஆறு வருஷம். டாடிக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தது நான். டயப்பர் மாற்றியது நான். பதினெட்டு வருஷம் பார்த்த டீச்சர் வேலையை விட்டதும் நான்தான். லாயிட் அப்போதே தன் பெண்டாட்டி ஜூலியாவைக் கூட்டிக்கொண்டு அத்திபெலே போய்விட்டான். அவன் வேலை பார்க்கிற ஓசூர் ஃபாக்டரிக்கு அங்கிருந்து பக்கமாம். மாசத்துக்கு ஒரு தரம் ஆப்பிள் பையோடு வந்து அரை மணி நேரம் உட்காருவான். அதற்கப்புறம் பத்து நாளைக்கு டாடி வாயில் அவன் பேச்சுதான். லாயிட் இளைச்சிட்டான், லாயிடுக்கு முடி நரைச்சிடுச்சு. எனக்கும் நரைத்துப் போயிருந்தது, அதை அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது என்று சொல்வதற்கு என்ன, எரிந்தது.

ஆனால் டாடி கடைசியில் நியாயமாக நடந்துகொண்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை என் பேருக்கு உயில் எழுதினார். அதை வாசித்துக் காட்டத்தான் வக்கீல் ஸ்ரீகண்டனை வரவழைத்திருந்தேன். அப்படியே காத்தாவையும், அதாவது கார்ப்பரேஷன் வீட்டு வரிப் பதிவையும், என் பேருக்கு மாற்றிவிடலாம் என்று கணக்கு.

ஸ்ரீகண்டன் உயிலைப் பிரித்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நல்லா கேட்டுக்கடா. டாடி வீட்டை யாருக்கு எழுதியிருக்கார்னு காதைத் தீட்டி வச்சுக் கேளு."

"உனக்குத்தான் எழுதியிருப்பார். எழுதட்டும் க்கா. நான் கேட்டேனா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பே? ஒரு வேளை கஞ்சி ஊட்டியிருக்கியா? கடைசி ஒண்ணரை வருஷம் எட்டிப் பார்த்தியா? சவப்பெட்டியைத் தூக்க மட்டும் முன்னாடி வந்து நின்னுட்டே!"

ஜூலியா முகம் சிவந்துபோய் என்னவோ சொல்ல வந்தாள். லாயிட் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது மனசு எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா!

"நோடிம்மா, இங்க பாருங்க, ஒரு நிமிஷம்" என்றார் ஸ்ரீகண்டன். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். "சாட்சி ரெண்டு பேர். நீல்னு ஒருத்தர், ரெமிஜியஸ்னு ஒருத்தர். யாரு இவங்க?"

"நீல் எங்க வீட்டுக்காரரோட அடுகோடியில இருக்கற ஒர்க்‌ஷாப்ல வேலை பார்க்கறவர் சார். ரெமிஜியஸ் எங்க வீட்டுக்காரர். அதோ தண்ணி ஊத்தறாரே, அவர்தான்."

ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ, இவரை ஏம்மா போட வச்சீங்க?"

ஏன் என்றால் வேறு யாரையும் நான் நம்பவில்லை, அதனால்தான். டாடி கூடச் சொன்னார், எங்கள் தெருக் கோயில் குழுவான அன்பியத்துக்குத் தலைவி ஐரின் டீச்சரைக் கூப்பிடு என்று. ஐரின் டீச்சருக்குத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு பூசைக்குள் கோயில் வாசல் பூரா பேசும், லாயிட் காதுக்கும் போய்விடும். அதனால் முனிகிருஷ்ணன் வீட்டு உயிலை மாதிரிக்கு வாங்கினேன். அவர் அம்மா லட்சுமம்மா அவருக்கு வீடு எழுதினபோது சாட்சி போட்டது அவர் பெண்டாட்டி விஜிதான். காத்தா மாற்றும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே காகிதத்தை டைப்பிங் கடையில் கொடுத்து, பேரை மட்டும் மாற்றி அடித்து வாங்கினேன். ரெமிஜியஸைச் சாட்சியாக உட்கார வைத்தேன்.

இதையெல்லாம் சொன்னதும் வக்கீல் தலையை ஆட்டினார்.

"அவங்க இந்தும்மா. வாரிசுச் சட்டத்துல ஒரு செக்‌ஷன் இருக்கு, அவங்களுக்கு அது கிடையாது. கிறிஸ்டியன்ஸுக்கு உண்டு. சாட்சிக் கையெழுத்து போட்டவருக்கோ, அவரோட சம்சாரத்துக்கோ அந்த உயில்ல எது எழுதியிருந்தாலும் சேராது. உயில் செல்லும். உங்களுக்குக் கொடுத்தது செல்லாது."

"அப்போ வீடு?"

"உயிலே இல்லாத மாதிரிதான். அம்மா முன்னாடியே போயிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி."

ஜூலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினது சிரிப்பைத்தான், எனக்குத் தெரியாதா.

நான் ரெமிஜியஸ் மேல் பாய்ந்தேன். "ஏங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா? என் தலையில மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"நீ எங்க விட்டே யூனி? பேனாவைக் கையில திணிச்சு, இங்க போடுங்கன்னே. போட்டேன்" என்றார் அவர், சொம்பைக் கீழே வைக்காமலே.

எனக்கு ஐம்பத்தாறு வயது. வேலை போய்விட்டது. ரெமிஜியஸ் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டினால் அதிகம். இந்த வீட்டில் பாதியை விற்றுக் கொடு என்று லாயிட் கேட்டால் நாங்கள் எங்கே போவோம்?

"ஒரு வழி இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன். "தம்பி மனசு வச்சு தன்னோட பாதியை விட்டுக் கொடுத்து, ரிஜிஸ்டர் பண்ணிட்டா முழு வீடும் உங்களுக்குத்தான்."

எல்லாரும் லாயிடைப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நான் கேட்ட அதே லாயிடை.

"மச்சான்..." என்று இழுத்தார் ரெமிஜியஸ்.

"இருங்க மாமா." லாயிட் என்னைப் பார்த்தான். "க்கா, எனக்கு இந்த வீடு வேணாம். நீ பார்த்துக்கிட்டே, உனக்குத்தான் சேரணும். நாளைக்கே வந்து கையெழுத்து போடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசி ஒண்ணரை வருஷத்துல நான் ஏழு தடவை வந்தேன். ஏழு தடவையும் டாடி தூங்கறார், எழுப்பாதேன்னு கேட்லயே திருப்பி அனுப்பினே. பெரிய வெள்ளிக்கு மறுநாள் வந்தேனே, அன்னைக்கு உள்ளே அவர் குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. அன்னைக்காவது அவர் நிஜமா தூங்கிட்டிருந்தாரா? ஆமான்னு சொல்லு. நம்பிக்கறேன்."

"அக்கா, ஆமான்னு சொல்லிடுங்க" என்றாள் ஜூலியா. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

ஒரே ஒரு ஆமா. ஏழு தடவை கூசாமல் சொன்ன பொய்தான். சொன்னால் வீடு எனக்கு. லாயிடின் கண் கலங்கியிருந்தது. பொய்யாவது சொல்லித் தொலை, நிம்மதியாகப் போகிறேன் என்று அவன் கெஞ்சுகிறான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த நிம்மதியைக் கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை. ஆறு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவளுக்குக் கிடைக்காத நிம்மதி ஆப்பிள் வாங்கி வந்தவனுக்கு எதற்கு?

"முழிச்சுட்டுதான் இருந்தார்" என்றேன். "லாயிட் குரல் மாதிரி இருக்கேன்னு கேட்டார். கூரியர்காரன்னு சொன்னேன். போதுமாடா?"

ரெமிஜியஸ் "யூனி" என்று மட்டும் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என் பேரை அந்த மாதிரி சொல்லிக் கேட்டதில்லை.

லாயிட் முகம் போன போக்கைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. டாடி அன்றைக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தது ஞாபகம் வந்தது. கூரியர்காரன் என்றதும் சரிம்மா என்று படுத்துக்கொண்டார். சே, என்ன ஜென்மம் நான்!

"சார், என் பாதி என் பேர்லயே இருக்கட்டும்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு லாயிட் எழுந்தான். வெளியே போவான் என்று பார்த்தேன். போகவில்லை. நேராக டாடியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவு வரைக்கும் போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். அந்த அறையில் பாதி அவனுடையது, வெளியே வாடா என்று சொல்ல இனி என்னால் முடியாது.