ஐந்து மில்லி

அந்த மருந்துக்கடையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாத்திரையைக் கொடுக்கும்போது எப்போது, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாம் தடவை வாங்குகிறவரையே ஒப்பிக்க வைப்பாள். அதனால் வந்த பட்டம். அந்தக் கவனத்துக்குப் பின்னால் இருந்த பயம் அவள் கணவனுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடுவாள். அடுப்பு அணைந்தே இருக்கும். "உன் மனசு பொய் சொல்லியே பழகிடுச்சு. அது சொல்றதையெல்லாம் கேக்காத" என்பான் அவன்.

அன்று மாலை நாலு மணிக்குக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், பில் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சிரப் பெட்டி நிற்பதைப் பார்த்தாள். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. காலையில் ஒரு தாய்க்காக அவளே எடுத்து வைத்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. ஐந்து மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிரப் இங்கேயே இருக்கிறதென்றால், அந்தத் தாய் கொண்டுபோனது எதை?

பக்கத்துத் தட்டில் அதே கம்பெனியின் சொட்டு மருந்து இருந்தது. அதே நிறப் பெட்டி. வீரியம் மட்டும் நாலு மடங்கு. எடுத்து வைத்ததை மறந்து, காலைக் கூட்ட அவசரத்தில் தட்டிலிருந்து இதை எடுத்துக் கொடுத்துவிட்டாளோ? பெட்டிகளை எண்ணினாள். ஆறு. கணினி ஏழு என்றது. ஆனால் கணினி சொல்வதும் தட்டில் இருப்பதும் ஒத்துப்போன நாளே அந்தக் கடையில் கிடையாது. மறுபடியும் எண்ணினாள். அந்தத் தாயின் எண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இதுவும் அடுப்பு மாதிரி ஒரு பொய்ப் பயம்தானா? நூறு தடவை ஏமாற்றிய மனசு நூற்றியோராவது தடவை உண்மை சொன்னால் எப்படித் தெரியும்? முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

பின்பக்கச் சரக்கு அறைக்குள் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்காலிட்டாள். "ஆண்டவரே, இது பொய்யா இருக்கணும்" என்று தொடங்கினாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொண்டதே தவிர அடங்கவில்லை. ஒரு கட்டத்தில் வார்த்தை தீர்ந்துபோய்ச் சும்மா இருந்தாள். அப்போதுதான், தான் இதுவரை கேட்டதெல்லாம் தன்னைக் காப்பாற்றச் சொல்லித்தான் என்பது உறைத்தது. குழந்தை அந்த ஜெபத்தில் எங்குமே இல்லை.

"அப்பா, உண்மையாவே இருந்தாலும் நீர் என்கூட இருப்பீர்ல? அந்தப் பிள்ளையப் பாத்துக்கும். நான் போய்ச் சொல்லிடுறேன்."

பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் கால் ஊன்ற ஓர் இடம் இருந்தது. எழுந்து முதலாளியின் மேஜைக்குப் போனாள்.

எதையும் கிண்டலில் கரைத்துவிடும் முதலாளி, அவள் சொல்லி முடித்தபோது பேயறைந்தவர்போல நின்றார். பிறகு, வேலையைப் பற்றி நாளைக்குப் பேசலாம், முதலில் பிள்ளை என்று சொல்லிவிட்டு கார்ச் சாவியை எடுத்தார். மருந்துச் சீட்டு எழுதிய டாக்டரின் கிளினிக்கில் கெஞ்சி விலாசம் வாங்கினார்கள்.

வீட்டுக் கதவு திறந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மேஜைமேல் பாட்டிலும் அளவுக் கரண்டியும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. சொட்டு மருந்துதான். பதினொரு மணிக்கு ஒரு வேளை கொடுத்தாகிவிட்டது.

டீச்சர் மழுப்பவில்லை. "தப்பான மருந்தக் கொடுத்துட்டேம்மா. என் தப்புதான். இதக் கொடுக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அந்தத் தாய் கத்தவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் டீச்சரின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வேளையால் பெரிய கெடுதல் வராது, இரண்டு மூன்று வேளை உள்ளே போயிருந்தால்தான் ஈரலுக்கு ஆபத்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இருந்தாலும் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். நீளமான நடைவழியில் இரண்டு பெண்களும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் உதடு அசைந்தது.

"என்ன முணுமுணுக்கிறீங்க?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"ஜெபம் பண்றேன்."

"எம் பொண்ணுக்காகவா, உங்க வேலைக்காகவா?"

"மொதல்ல எனக்காகத்தான் பண்ணேன். இப்ப உங்க பொண்ணுக்காக."

அந்தத் தாய் மடியில் தூங்கும் குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு, "நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு மணிக்கு முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலும் இறங்கியிருந்தது. நடந்ததை முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரணை வரும் என்று முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளைக் காலையிலேயே எழுதித் தருவதாக டீச்சர் சொன்னாள். குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காகிதங்களில் கையெழுத்துப் போட அந்தத் தாயைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து இரண்டடி நடந்தாள். பிறகு நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லித் தூங்கும் குழந்தையை டீச்சரின் தோளில் சாய்த்தாள்.

குழந்தை நல்ல கனம். கழுத்தில் மூச்சு இதமாகப் பட்டது. டீச்சர் கண்ணை மூடினாள். ஆண்டவரிடம் கேட்பதற்கு எதுவும் தோன்றவில்லை.