ஏழாம் வாங்கின்மேல் சத்தியம்

1991ஆம் ஆண்டு தை மாதம் முதல், கிழக்கு லண்டனின் பழைய கவுண்டி கோர்ட்டில் சாட்சி சொல்ல ஏறிய சைவத் தமிழர்கள் எல்லோரும் ஒரு நாவலின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்தபின், அந்த நாவலில் தங்களைப் பற்றி எழுதியிருந்ததைத் தவிர வேறெதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. கோர்ட் விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் கட்டடம். வாசலுக்கு மேலே ஒரு மணிக்கூடு, உள்ளே நீண்ட விறாந்தை, விறாந்தையில் இலக்கமிட்ட பதினொரு மர வாங்குகள். வீட்டுக்காரன் எழும்பச் சொன்னவர்கள், புருஷனைப் பிரிந்தவர்கள், கவுன்சிலோடு இழுபறிப்பட்டவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைக் கூப்பிடும்வரை அந்த வாங்குகளில்தான் குந்தியிருப்பார்கள். ஏழாம் வாங்குக்குப் பக்கத்தில் ஹீட்டர் இருந்தபடியால் தமிழர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.

நாவலின் பெயரும் 'ஏழாம் வாங்கு' தான். எழுதியவர் குலசேகரம். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், லண்டனில் அந்தக் கோர்ட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளர், எல்லோருக்கும் மாஸ்ரர். வழக்குக்கு வருபவர்களுக்கு முன்னமே வந்து வாங்கில் இருப்பார், பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், தலையைச் சரித்துக் கேட்பார். அப்படி ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருக்க எங்கள் சனத்துக்கு ஏலாது. கடிதத்தில் எழுதாததையும் கோயிலில் முணுமுணுக்காததையும் கொண்டுவந்து அவர் மடியில் கொட்டினார்கள். மாஸ்ரர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்தார்.

செல்வமலர் அந்த வாங்குக்கு முதன்முதல் வந்தது 1988இல். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஐந்து குடும்பங்கள் ஒன்றாயிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரன் வழக்குப் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியின் துணி தோய்க்கும் லோன்றியில் அவளுக்கு வேலை. அவளும் கணவன் யோகலிங்கமும் அந்த வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தார்கள். வழக்கு நாலு நாள் இழுபட்டது. நாலாம் நாள் அவள் மாஸ்ரரிடம் தன் மகள் கல்யாணியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முந்தி, பத்து மாதப் பிள்ளையாக இருந்தவளைக் கொழும்பில் யோகலிங்கத்தின் தமக்கையிடம் விட்டுவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள். அடுத்த மாதம் பிள்ளை வரும் என்றார்கள். உண்மையில் பிள்ளையைக் காட்டித் தமக்கையையும் லண்டனுக்கு எடுப்பதுதான் யோகலிங்கத்தின் யோசனை என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்லும்போது அவள் அழவில்லை, தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மூண்டு தரம் திரும்பி ஓடினனான் மாஸ்ரர். ஏஜென்சிக்காரன்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவன்."

மாஸ்ரர் அவள் தலையில் கை வைத்தார். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அன்றைக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிட்டார் என்று நினைத்தாள், பாவம்.

1989இல் தமக்கை பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது செல்வமலரும் யோகலிங்கமும் பிரிந்துவிட்டிருந்தார்கள். யோகலிங்கம் இல்ஃபோர்ட்டில் வீடு எடுத்து, தமக்கையையும் பிள்ளையையும் அங்கே வைத்துக்கொண்டான். மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் தமக்கைக்குத் தடிமன் காய்ச்சல் இல்லாவிட்டால், கதவு திறக்கும். கல்யாணி தன் மாமியான அந்தத் தமக்கைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

அடுத்த ஆண்டு நாவல் வெளியானது. எங்கள் சனம் புத்தக வெளியீடு வைத்தால் எப்படி வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குத்துவிளக்கு, நிறைகுடம், தேவாரம், எட்டுப் பேருக்குப் பொன்னாடை. முதற்பிரதியை மஞ்சள் பட்டில் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுத் தட்டில் கொண்டுவந்தார்கள். கோர்ட்டைப் பற்றிய கதை ஆனபடியால் கோர்ட்டின் தலைமைச் சேவகர் டோபின் என்ற வெள்ளைக்காரக் கிழவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். முதற்பிரதி அவருக்குத்தான் போனது. கற்பூரம் காட்டுவதையும், வரிசையில் வந்தவர்கள் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதையும் அவர் பார்த்தார். ஒழுங்கான மனிதர் வேறு என்ன நினைப்பார்? திங்கட்கிழமை காலை, சாட்சிகள் சத்தியம் செய்யும் வேதப் புத்தகங்கள் இருக்கும் அலுமாரியில் பைபிளுக்கும் குர்ஆனுக்கும் நடுவே அதைப் பட்டோடு வைத்தார். அங்கே முன்பு கிடந்த ஆங்கிலக் கீதையை ஈரம் தின்றிருந்தது.

தை மாதத்து முதல் சாட்சி, சிவானந்தன் என்ற தபால் கந்தோர் ஊழியர், பட்டை விரித்ததும் புத்தகத்தை அடையாளம் கண்டு திகைத்துப்போய் மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மகாராணியின் கோர்ட்டில் தன் நாவலின்மேல் கை வைக்கிறார்கள் என்றால் எந்த எழுத்தாளன் வாயைத் திறப்பான்? கண்ணால் சாடை காட்டினார், சிவானந்தன் கையை வைத்தார். வாழ்நாளில் குடித்தறியாத சிவானந்தன், வெறியில்தான் படியிலிருந்து விழுந்ததாகத் தெளிவான செந்தமிழில் சொல்லி, உடைந்த படிக்காக வீட்டுக்காரன்மேல் போட்ட வழக்கில் தோற்றார். முப்பத்திரண்டு வயதான சிவமலர் என்ற இன்னொருத்தி தனக்கு அறுபது என்று சொல்ல, நீதவான் அவளுக்குக் கதிரை போடுவித்தார். நாவலில் இடம் பெறாதவர்களுக்கு வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருந்த மதுரைக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் அப்படி நிற்க, வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். கத்தோலிக்கர்கள் பைபிளோடு தப்பினார்கள். வழக்கு நாளன்று காலையில் மட்டும் கத்தோலிக்கரான சிலரையும் ஊர் அறியும்.

செல்வமலர் மகளைத் தன்னோடு வைத்திருக்க அனுமதி கேட்டுப் போட்ட வழக்கு 1992 கார்த்திகையில் விசாரணைக்கு வந்தது. அவள் நாவலை வாசித்திருக்கவில்லை. 'சகோதரி செல்வமலருக்கு' என்று மாஸ்ரர் கையெழுத்திட்ட பிரதி சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது. லோன்றியில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வருபவளுக்கு நானூறு பக்கம் எங்கே ஏறும்? ஊர்க்கதை கேட்டுப் பயந்து, சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் எடுக்கட்டுமா என்று மாஸ்ரரிடம் கேட்டாள். நாவலில் அவளை எப்படி எழுதியிருந்தார் என்பது அவருக்குத் தெரியும். தன் புத்தகம் வேண்டாம் என்று ஒருத்தி நீதவான் முன்னால் சொல்வதை அவரால் பொறுக்க ஏலாமல் இருந்தது.

"நீ பயப்பிடாதை தங்கச்சி. புத்தகத்திலேயே உன்ரை பகுதிதான் நல்லா வந்திருக்கு."

அவள் நம்பினாள். கூண்டில் ஏறிக் கையை வைத்தாள். பிள்ளையை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யோகலிங்கத்தின் வக்கீல் கேட்டார். மூன்று தரம் ஓடியதைச் சொல்ல வாயைத் திறந்தவளின் குரலில் வந்தது இதுதான்: "அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் அழுகை தேய்ந்து மறைந்தபோது, நெடுநாள் பாரம் ஒன்று தன் தோளிலிருந்து இறங்கியதை அவள் உணர்ந்தாள்." தன் வாய் சொல்வதைத் தன் காது கேட்டு அவள் கூண்டைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்ரரைப் பார்த்தாள். அவர் நினைத்திருந்தால் ஆங்கிலத்தில் வேறொன்றைச் சொல்லியிருக்கலாம். கோர்ட்டில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேறு எவரும் இல்லை. அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் சிந்தாமல், அழகான ஆங்கிலத்தில் அதை மொழிபெயர்த்தார். நீதவான் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிள்ளை தகப்பனோடு இருக்கவேண்டும் என்று தீர்ப்பானது.

விறாந்தையில் அவள் அவரை மறித்துக் கேட்டாள், ஏன் மாஸ்ரர் என்று மட்டும்.

"அந்த வசனம் அப்பிடி வந்து விழுந்திட்டுது தங்கச்சி. அதை வெட்ட எனக்கு மனம் வரேல்லை."

அவள் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். யோகலிங்கம் செய்தது அவளுக்குப் பழகிவிட்டது; அவனிடம் அவள் எதையும் நம்பிக் கொடுத்திருக்கவில்லை. இது அப்படியில்லை. அன்றிரவே தன் பிரதியை எடுத்து முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பஸ்ஸில், லோன்றியின் சாப்பாட்டு அறையில், கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தபடி, மூன்று முறை வாசித்து முடித்தாள். அவளுக்குத் தெரிந்த எல்லோரும் அதில் இருந்தார்கள், எல்லோரும் ஒரு பிடி மாறியிருந்தார்கள். நாலு நாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிய மனிதரை மட்டும் எங்கேயும் காணவில்லை.

வழக்கைத் திரும்ப எடுக்க இரண்டரை வருடம் சென்றது. உறுதிமொழி மட்டும் எடுக்கலாம் என்று இந்த முறை அவளுடைய வக்கீலே சொன்னார். அவள் சம்மதிக்கவில்லை. எந்தப் புத்தகத்தின்மேல் சொல்லி மகளை இழந்தாளோ, அதன்மேலேயே சொல்லிக் கேட்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றாள். 1995 வைகாசியில் விசாரணை நாளன்று எட்டரைக்கே கோர்ட்டுக்குப் போய், டோபினிடம் புத்தகத்தைக் கேட்டாள். அவர் கை கழுவிவிட்டு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் வாங்கில் குந்தி, நூற்றெண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, பேனையால் அந்த இரண்டு வசனத்தையும் அடியோடு வெட்டினாள். ஓரத்தில் நடந்ததை எழுதினாள். மை காயும்வரை டோபின் மரியாதையாகக் காத்து நின்றார்.

அன்றைக்குக் கூண்டில் அவள் வாயிலிருந்து அவள் எழுதியதே வந்தது. மூன்று தரம் திரும்பி ஓடியதும், ஏஜென்சிக்காரன் இழுத்ததும், கை மணிக்கட்டில் ஒரு கிழமை நீலம் பாரித்து நின்ற கண்டலும். புதிய மொழிபெயர்ப்பாளர் சூசைதாசன் அதை வெறும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். யோகலிங்கத்தின் வக்கீல் எழுந்து, இவ்வளவையும் போன தடவை ஏன் சொல்லவில்லை, இதற்கு வேறு யார் சாட்சி என்று கேட்டார். அவளுடைய வக்கீல் குலசேகரத்தைக் கூப்பிட்டார்.

அழைப்பாணை போனபடியால் மாஸ்ரர் வந்திருந்தார். அவர் மெலிந்துபோயிருந்தார். சொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தார் என்றே பலரும் சொல்கிறார்கள், அதை நம்பலாம். தன் புத்தகத்தின்மேல் முதன்முதலாகத் தானே கை வைத்தார். வாய் திறந்தது, மூச்சுத்தான் வந்தது. எல்லோரையும் எழுதியவர் தன்னை எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் நின்றார். செல்வமலர் எழுந்து கூண்டடிக்குப் போனாள். டோபின் நீதவானிடம் குனிந்து, இது அவர்களுடைய சமயச் சடங்கு என்றார். நீதவான் தலையாட்டினார். அவள் அவர் கைக்குக் கீழிருந்து புத்தகத்தை இழுத்து, கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, திரும்ப அவர் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மாஸ்ரரின் குரல் எழுந்தது.

"குலசேகரம் அவளுக்குப் பக்கத்தில இருந்து எல்லாத்தையும் கேட்டவர். அறிஞ்சு கொண்டுதான் மாத்தி எழுதினவர்."

சூசைதாசன் மொழிபெயர்த்தார். நீதவான் இந்த முறையும் குறித்துக்கொண்டார். தாய் சொன்னதைத் தான் முழுதாக நம்புவதாகத் தீர்ப்பில் எழுதினார். ஆனால் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது, ஒரு வீட்டில் வேர்விட்டுவிட்டது, அதை இனிப் பிடுங்குவது நல்லதல்ல என்றும் எழுதினார். சனிக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை தாயோடு இருக்கலாம். வாசல் படியில் மாஸ்ரர் மன்னிப்புக் கேட்டபோது அவள் நின்று முழுதாகக் கேட்டாள். மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னித்ததாகத் தகவல் இல்லை.

அதன்பிறகு, வழக்குள்ளவர்கள் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து தங்கள் பக்கத்தைத் திருத்திக்கொள்வது அந்தக் கோர்ட்டில் வழமையானது. சிவமலர் தன் வயதை முப்பதாகவே எழுதிக்கொண்டாள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. டோபின் ஒரு பேனையை நூலில் கட்டி அலுமாரியில் தொங்கவிட்டார். ஓரங்கள் நிறைந்தபோது வெள்ளைத்தாள் வாங்கி வைத்துத் தைப்பித்தார். அவருக்குப் பின் வந்த சேவகரும் அதையே செய்தார்.

முதற் சனிக்கிழமை கல்யாணியை யோகலிங்கம் ஃபாரஸ்ட் கேட்டில் இறக்கிவிட்டுப் போனான். செல்வமலர் புட்டும் முட்டைப்பொரியலும் செய்திருந்தாள். பிள்ளை முட்டையை மட்டும் தின்றது. நாலரை மணியளவில், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, மாமி தனக்கு ஒரு புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டியிருப்பதாகவும், அம்மா தன்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை என்று அதில் இருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். அது பொய் என்றாள் செல்வமலர். "நான் திரும்பி ஓடி வந்தனான் அம்மா. மூண்டு தரம்."

கல்யாணி அப்போதுதான் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"மூண்டு தரம் மட்டுந்தானா?"

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. செல்வமலர் முழங்காலில் நின்று, பிள்ளையின் மேலங்கிப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டத் தொடங்கினாள்.